உந்த மாட்டுக் கண்ணில போஸ்டர் ஒட்டாதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். நான் சித்திரம் படிப்பிச்சு ரிட்டயர் ஆன ஆள், இருக்கிறது நல்லூர்ப் பக்கம். போன மாசம் வரைக்கும் நியூசிலாந்தில மகளோட நிண்டனான். ஒரு சனிக்கிழமை மருமகன் வந்து, மாமி வெளிக்கிடுங்கோ கட்டிகட்டிக்குப் போட்டு வருவம் எண்டார், எனக்கு எதையோ கட்டச் சொல்லுறார் போல கிடந்தது, பாத்தா அது ஊர்ப் பேராம், அங்கத்தப் பூர்வீகச் சனமான மாவோரி ஆக்களின்ர பாஷையில கொறிக்கிறது எண்டு கருத்தாம்! 1875இல வட அயர்லாந்துச் சனம் வந்து குடியேறின சின்ன ரவுண். மெயின் ரோட்டு நடுவால போகுது, 90களில இருந்து கடைச் சுவரெல்லாம் படம் கீறிக் கீறியே போற வாற காரை எல்லாம் மறிச்சுப் போடுறாங்கள்.

வந்து குடியேறின வெள்ளைக்காரரின்ர கதைதான் கனக்க. அதுகளைப் பாத்துக்கொண்டே நடந்து போனன். மாவோரிச் சாயலில கீறின ஒரு சுவரடியில மட்டும் கால் நிண்டிட்டுது. பன்னச் செடியின்ர குருத்து விரிய முந்திச் சுருண்டு கிடக்குமே, அந்தச் சுருள் சுவர் முழுக்க, கோரு எண்டுவினமாம். கீழ அவையின்ர பழங்கதையில வாற மாவுயி எண்டவர் தூண்டில் போட்டு ஒரு பெரிய மீனை இழுக்கிறார், அந்த மீன்தானாம் நியூசிலாந்தின்ர வடக்குத் தீவு. மரத்தில சிலை செதுக்கினா மாவோரி ஆக்கள் கண்ணுக்குப் பாவா எண்ட சிப்பியைப் பதிப்பினம், மினுமினு எண்டு நீலமும் பச்சையுமா இருக்கும், கீறின ஆள் அந்த மினுக்கத்தை வெறும் பெயின்ரில மீன் கண்ணுக்குள்ள கொண்டு வந்திருக்குது, கிட்டப் போய்ப் பாத்தா பிரஷ் சுத்திச் சுத்திப் போன தடம் தெரியுது. எங்கட கோயில் வாகனத்துக்கும் கண்ணைக் கடைசியாத்தானே திறக்கிறவை. உந்தச் சுருளுகளைச் சும்மா வடிவுக்கு ஆரும் எடுத்துக் கீறேலாது, அதில அவையின்ர வம்சக் கதை எல்லாம் கிடக்கு, கேட்டுத்தான் கீறவேணும் எண்டு மகள் சொன்னா.

அப்ப பேத்தி கேக்குது, அம்மம்மா உங்கட ஊர்ச் சுவரில என்ன கீறியிருக்கு எண்டு. நான் பெருமையாச் சொன்னன், 2019 கடைசியில நாடு முழுக்கப் பெடியள் சுவருக்குப் பெயின்ற் அடிக்கேக்க எங்கட சந்தி மதிலிலயும் வண்டிச் சவாரி மாடு கீறினவை, வந்தா காட்டுறன் பிள்ளை எண்டு.

வந்து பாத்தா மாட்டின்ர கண்ணுக்கு மேல ஓஎல் கணக்கு ரியூசன் போஸ்டர். அதுக்கு மேல ஒரு கண்ணீர் அஞ்சலி. ஒரு கொம்பும் வாலும்தான் மிச்சம். தண்ணி அடிச்சுச் சுரண்டிப் பாத்தன், பேப்பரோட பெயின்றும் சேந்தெல்லோ வருது.

போஸ்டர் ஒட்டுற தம்பியவை, உங்கட வீட்டுக் கேற்றில ஒட்டுங்கோவன். அந்த மாட்டைக் கீறின பெடியள் இந்தக் கடிதத்தைப் பாத்தா ஒருக்கா வந்து போங்கோ, பெயின்ற் காசு நான் தாறன், கண்ணை மட்டும் என்னட்ட விடுங்கோ.

இப்படிக்கு,
ஒரு பழைய சித்திர ரீச்சர்,
நல்லூர்.