சேதுவுக்கு, மெல்பர்னிலிருந்து

அன்புள்ள சேது,

நான் நலம். நீயும் நலம் என்று உன் தங்கையிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை; கேட்டால் மூன்று பக்கம் எழுதுவாய். எட்டு மாதமாக நமக்குள் பேச்சில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் ரசக் கதையைக் கேள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான்தான் ரசம் வைத்தேன். மகள் வீட்டுச் சமையலறையில் எனக்கு ஒதுக்கியிருக்கும் இலாகா அது ஒன்றுதான். கவினுக்கு இப்போது ஏழு வயது. ஒரு வாய் குடித்தான், கண்ணில் நீர் முட்ட, "தாத்தா, இட்ஸ் ப்ளடி ஹாட்!" என்றான். கரண்டி என் கையிலிருந்து நழுவி ஈயச்சொம்புக்குள் விழுந்தது. கமர்கட்டு சார் பிரம்போடு பின்னால் வந்து நிற்பது போல முதுகு கூசியது எனக்கு. அந்த 'ப்ளடி' என்ற வார்த்தைக்காக ஏழாம் வகுப்பில் நீயும் நானும் வாங்கிய அடி ஞாபகம் இருக்கிறதா? நமக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அவர் சொன்னால் இங்கிலீஷ், நாம் சொன்னால் கெட்ட வார்த்தை.

மகள் மோரைக் கரைத்தபடியே, "அப்பா, இந்த ஊர்ல அதுக்கு 'ரொம்ப'ன்னு அர்த்தம், விடுங்க" என்றாள்.

விடுவேனா? மறுநாளே பக்கத்துத் தெரு லைப்ரரிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். பென்ஷன்காரனுக்கு வேறு என்ன வேலை?

கலிவரை லில்லிபுட்டுக்கு அனுப்பினாரே ஸ்விஃப்ட், பாதிரியார் வேறு, அவர் 1711இல் லண்டனிலிருந்து தன் தோழிக்கு எழுதிய கடிதத்தில், இன்று நடந்தபோது 'ப்ளடி ஹாட்' என்கிறார். நம்ம கவின் சொன்ன அதே இரண்டு வார்த்தை! அதற்கும் முன்னால், 1676இல் வந்த ஒரு நாடகத்தில் 'ப்ளடி ட்ரங்க்' என்று வருகிறது. குடித்துவிட்டுக் கும்மாளம் போட்ட பிரபுவீட்டுப் பிள்ளைகளை அந்தக் காலத்தில் 'ப்ளட்' என்பார்களாம், அவர்களைப் போல மப்பு என்பதிலிருந்து கிளம்பியிருக்கலாம் என்று ஒரு கட்சி. 'பை அவர் லேடி' என்று மாதா மேல் இட்ட சத்தியம் தேய்ந்து இப்படி ஆனது என்று இன்னொரு கட்சி. கதை அழகாக இருக்கிறது, ஆனால் அகராதிக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

பிறகு எப்படியோ அது தெருவில் விழுந்து அழுக்காகிவிட்டது. பத்திரிகைகள் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் போட்டு நடுவில் கோடு இழுத்தன. 1887இல் கில்பர்ட், சல்லிவன் இருவரும் 'ரடிகோர்' என்று ஒரு இசை நாடகம் போட்டார்கள். 'ரடி' என்றால் சிவந்த. ஆனால் கெட்ட வார்த்தைக்குப் பதிலாகப் புழங்கியதும் அதுதான். லண்டன் முகம் சுளித்ததும் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினார்கள். 'ரடி'யும் 'ப்ளடி'யும் ஒன்றுதானே என்று வாதாட வந்த ஒருவரிடம் கில்பர்ட், "உங்கள் 'ரடி' முகம் எனக்குப் பிடிக்கும், உங்கள் 'ப்ளடி சீக்' பிடிக்காது" என்றாராம். 'சீக்' என்றால் கன்னமும்தான், திமிரும்தான். லைப்ரரியில் சத்தமாகச் சிரித்து ஒரு கிழவியிடம் முறைப்பு வாங்கினேன்.

பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' இதைவிட மேல். 1914 ஏப்ரல் 11, லண்டன் மேடை. பூக்காரி எலைசாவாக நடித்த மிசஸ் பாட்ரிக் கேம்பலுக்கு அப்போது வயது 49! (நம்ம ஊர்க் கதாநாயகர்களை மட்டும் கேலி செய்வாயே.) சீமாட்டி மாதிரி பேசப் பழக்கிய அந்தப் பெண், போகும்போது சுத்தமான உச்சரிப்பில் "நாட் ப்ளடி லைக்லி" என்று ஒரு போடு போடுகிறாள். கொட்டகை சிரித்து ஓய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனதாம். கொஞ்ச நாளில் ஜனங்கள் அந்தச் சொல்லுக்குப் பதில் 'நாட் பிக்மேலியன் லைக்லி' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கெட்ட வார்த்தைக்கு ஷாவின் நாடகமே மாற்றுப்பெயர்!

ஆஸ்திரேலியாக்காரன் இதற்கெல்லாம் அசரவில்லை. ஆடு மேய்த்தவனும் தங்கம் தோண்டியவனும் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் போட்டிருக்கிறான். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் நீ ஒரு 'ப்ளடி இடியட்' என்று 1989இல் இந்த மாநிலத்தின் சாலை விபத்து ஆணையமே விளம்பரம் செய்திருக்கிறது. சர்க்கார் திட்டுகிறது, சேது! 2006இல் சுற்றுலாத் துறை, 'நீங்கள் எல்லாம் எந்த ப்ளடி ஹெல்லில் இருக்கிறீர்கள்?' என்று வெளிநாட்டாரை வருந்தி அழைத்தது. முதலில் தடை போட்டது யார் தெரியுமா? இந்த வார்த்தையைப் பெற்றெடுத்த பிரிட்டன். பிறகு மந்திரியே போய்ப் பேசி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

ஒரு சொல்லைப் பிளந்து நடுவிலும் இதைச் செருகுகிறார்கள். 'ஆப்சோ-ப்ளடி-லூட்லி'. 'கங்கா-ப்ளடி-ரூ'. கண்ட இடத்தில் செருக முடியாது, அழுத்தம் விழும் அசைக்கு முன்னால்தான் வரும். 'மெல்-ப்ளடி-பர்ன்' என்று சொல்லிப் பார்த்தேன். அழுத்தம் முதல் அசையில் விழுவதால் அது செல்லாது என்று கவின் கெக்கெக்கே என்று சிரித்தான். அவனுக்கு இலக்கணம் தெரியாது, காது சொல்கிறது. 'கும்ப-ப்ளடி-கோணம்' எப்படி என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஓகே என்றான்.

நாமும் யோக்கியமில்லை. பயங்கர அழகு, பயங்கர ருசி என்கிறோம். கொலைப்பசி என்கிறோம். யாரும் பயப்படவும் இல்லை, சாகவும் இல்லை. அதே கணக்குதான் இதுவும் என்று வீட்டுக்கு நடந்து வரும்போது தோன்றியது. தெரு முனை திரும்புவதற்குள் அது தப்பு என்றும் தோன்றிவிட்டது.

நம்மிடம் அது அப்படி வரவில்லையடா. துரை மேஸ்திரியைச் சொல்லி, மேஸ்திரி கூலியைச் சொல்லி, மேலேயிருந்து கீழே விழுந்த வார்த்தை. நம் காதில் அது என்றைக்கு 'ரொம்ப' ஆயிற்று? பின்னாலேயே ஃபூலோ ராஸ்கலோ வரும். 1983இல் தொண்ணூறு ரூபாய் குறைந்ததற்கு மேனேஜர் உன்னைக் கவுண்டரில் நின்ற ஜனங்கள் முன்னால் அப்படிச் சொன்னார். நீ பதில் பேசவில்லை. நோட்டுக்கட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பெட்டியைப் பூட்டினாய். சாவியைத் திருப்பும்போது உன் விரல் நடுங்கியதை நான் பக்கத்து ஸ்டூலிலிருந்து பார்த்தேன். அன்றைக்கு டீக்கடையில் அவரை வையாத வசவில்லை நான்.

அதே நான்தான் போன வருஷம் உன் வீட்டுக் கூடத்தில், பாழாய்ப்போன மனை விஷயத்துக்காக, அதே வார்த்தையை உன்னைப் பார்த்துச் சொன்னேன். அகிலா காபி டம்ளரோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அந்தக் காபியை நான் குடிக்கவும் இல்லை.

ஆஸ்திரேலியக் கணக்கில் எழுதிக்கொள் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். அது நியாயமில்லை. ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்து சொன்னதற்கு ஸ்ரீரங்கத்து அர்த்தம்தான். தப்பு என்னுடையது, சேது. மனைப் பத்திரத்தில் நீ சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

அடுத்த மாதம் 18ஆம் தேதி வந்து இறங்குகிறேன். அகிலாவிடம் ரசப்பொடி கேட்டு வை, இங்கே கொண்டுவந்தது தீர்ந்துபோய்க் கடைப்பொடியில் காலம் தள்ளுகிறேன்.

அப்புறம், முழங்கால் எப்படி இருக்கிறது? மூன்று பக்கமே எழுது.

உன்,
ரகு