ஆய்வு நிதிக் குழுவுக்கு, அந்த எக்செல் தாளைத் தயாரிப்பவன் எழுதும் மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கூட்டத்தன்று உங்கள் மேசையில் இருக்கும் ஒற்றைத் தாளை அச்செடுத்துத் தரும் நூலகர் நான். பெயர், துறை, கட்டுரைகள், மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ். அவ்வளவுதான் அதில் இருக்கும்.

போன முறை, கடைசி நெடுவரிசையில் இருக்கும் எச்-இண்டெக்ஸை வைத்துப் பட்டியலை அடுக்கச் சொன்னீர்கள். அடுக்கினேன். வேதியியல்காரர் 24-உடன் மேலே ஏறினார், கணிதக்காரர் 6-உடன் கடைசி வரிக்குப் போனார். அவருடைய விண்ணப்பத்தை யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை. போட்ட கிளிப் போட்டபடியே திரும்பி வந்தது.

எச்-இண்டெக்ஸ் 6 என்றால், குறைந்தது 6 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஆறு இருக்கின்றன என்று பொருள். கணிதத்தில் ஒரு கட்டுரை அச்சேறவே வருடக்கணக்கில் ஆகலாம். அதன் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலும் குட்டை. அங்கே 6 எடுப்பதும் வேதியியலில் 6 எடுப்பதும் ஒன்றல்ல. 2005-இல் இந்த அளவீட்டைக் கொண்டுவந்த இயற்பியலாளர் ஹிர்ஷே, துறைக்குத் துறை இது மாறும், ஓர் எண் ஒருவரை முழுதாகக் காட்டாது என்று அதே கட்டுரையில் எச்சரித்திருக்கிறார். 20 வயதில் இறந்துபோன கணித மேதை கலுவாவுக்கு எச்-இண்டெக்ஸ் வெறும் 2. நம்மிடம் அவர் விண்ணப்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். மேற்கோள்களைத் திரட்டித் தரும் தளங்களில், ஒரே ஆளுக்கு எச்-இண்டெக்ஸ் ஸ்கோபஸில் 11, கூகுள் ஸ்காலரில் 17. எதிலிருந்து எடுத்தேன் என்று தாளில் நான் எழுதுவதில்லை, நீங்களும் கேட்டதில்லை.

அப்புறம் இம்பாக்ட் ஃபேக்டர். முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களின் சராசரி அது. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ இதழுக்கு 2008-இல் 2.051, மறு ஆண்டே 49.926. காரணம் ஒரே ஒரு கட்டுரை: படிகவியலாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஷெல்ட்ரிக் எழுதியது. அந்த மென்பொருளைத் தொட்டவர்களெல்லாம் அதை மேற்கோள் காட்டினார்கள். பக்கத்துப் பக்கங்களில் எழுதியிருந்தவர்கள் ஒரே இரவில் மேதைகளாகிவிட்டார்களா என்ன?

எண்ணுவதே தப்பு என்று சொல்லவில்லை, அது என் பிழைப்பு. 1948-இலேயே நூலகப் பணிகளைப் புள்ளியியல் வழியில் அளக்கலாம் என்று சொன்ன நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதனின் தொழில்வழி வந்தவன் நான்.

அடுத்த கூட்டத்துக்கான தாளைத் துறைவாரியாகப் பிரித்து, எண் எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது என்றும் குறித்து வைக்கிறேன். ஒவ்வொருவரும் தாமே தேர்ந்தெடுத்த மூன்று கட்டுரைகளும் கூடவே இருக்கும். படிக்க நேரமில்லை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பேப்பராவது மிஞ்சும்.

இப்படிக்கு,
உங்கள் நூலகர்