வள்ளி எழுதும் கடிதம்: அந்த மைட்டோகாண்ட்ரியா சாகவில்லை

சிங்கப்பூர்

அன்புள்ள கமலா,

உன் மாணவி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. தன் செல்களின் ஆக்சிஜன் நுகர்வை அளந்து அவள் வரைந்த படங்களை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "இந்தப் புற்றுநோய் செல்களில் மைட்டோகாண்ட்ரியா செயலிழந்துவிட்டது" என்று கீழே எழுதியிருக்கிறாள். அந்த வரியை இப்போதைக்கு அடித்துவிடச் சொல். எனக்கென்னவோ செல்லுக்கு ஆற்றல் தரும் அந்த உறுப்பு அமுங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

கட்டிச் செல்கள் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே குளூக்கோஸை லாக்டேட்டாக்கி வெளியே தள்ளுகின்றன என்று 1920களில் ஓட்டோ வார்பர்க் கண்டார். அது இன்றைக்கும் சரிதான். ஆனால் சுவாசம் பழுதானதே காரணம் என்று 1956இல் அவர் வாதிட்டது பெரும்பாலான கட்டிகளுக்குப் பொருந்தவில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ முழுவதையும் நீக்கிய செல்களை நினைத்துப் பார். செல்களை வளர்க்கும் திரவ ஊடகத்தில் யூரிடின், பைருவேட் என்ற இரண்டு பொருள்களையும் சேர்த்தால்தான் அவை பெருகும். 2015இல் வந்த இரண்டு ஆய்வுகள் இதன் முடிச்சை அவிழ்த்தன: பெருகும் செல்லுக்குச் சுவாசச் சங்கிலி (மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் புரதத் தொடர்) செய்து கொடுக்கும் தவிர்க்க முடியாத வேலை, அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலம் உண்டாக வழி செய்வது. அஸ்பார்டேட் இல்லாவிட்டால் டிஎன்ஏவைக் கட்டும் நியூக்ளியோடைடு இல்லை, செல் பிரியாது. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறின் கணக்கை மட்டும் வைத்து மைட்டோகாண்ட்ரியாவை எடை போடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இப்போது அவளுடைய தட்டுக்கு வருகிறேன். வளர்ப்பு ஊடகத்தில் 25 மில்லிமோலார் குளூக்கோஸ். நம் ரத்தத்தில் சுமார் 5தான். குளூக்கோஸ் ஏறினால் கட்டிச் செல் தன் சுவாசத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கிராப்ட்ரீ என்ற ஆய்வாளர் 1929லேயே இதைக் காட்டிவிட்டார். அதனால் 5 மில்லிமோலார் ஊடகத்தில் சில நாள் பழக்கிவிட்டு அளக்கட்டும். பக்கத்திலேயே குளூக்கோஸுக்குப் பதில் 10 மில்லிமோலார் கேலக்டோஸ் போட்ட ஒரு தொகுதியும் இருக்கட்டும். அதற்கு டயாலிசிஸ் செய்து சிறு மூலக்கூறுகளை நீக்கிய சீரம்தான் வேண்டும், சாதாரண சீரத்தோடு குளூக்கோஸும் உள்ளே வந்துவிடும். கேலக்டோஸிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவின் உதவியில்லாமல் போதிய ஆற்றல் கிடைக்காது, ஆகவே அதில் செல் பெருகினால் மைட்டோகாண்ட்ரியா வேலை செய்கிறது என்று பொருள். இந்த ஒரு சோதனையே பாதி சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

ஆக்சிஜன் நுகர்வை அளக்கும் சீஹார்ஸ் கருவியின் 96 குழித் தட்டில் செல்களைப் போட்டதும் இன்குபேட்டருக்கு ஓட வேண்டாம். ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் அப்படியே வைத்தால் சீராகப் படியும், இல்லையென்றால் குழியின் ஓரத்தில் ஒதுங்கிவிடும். நான்கு மூலைக் குழிகளும் செல் இல்லாமல் இருக்கட்டும். மறுநாள் பைகார்பனேட் இல்லாத, 7.4 பிஎச் ஊடகத்துக்கு மாற்றி, கார்பன் டை ஆக்சைடு இல்லாத 37 டிகிரியில் 45 முதல் 60 நிமிடம் வைக்க வேண்டும். பைகார்பனேட் மிச்சமிருந்தால் கருவி கூடவே அளக்கும் அமில அளவு பொய் சொல்லும்.

அவளுடைய கோட்டில் என் கண் நின்ற இடம் எஃப்சிசிபி, சுவாசத்தை உச்ச வேகத்துக்குத் தள்ளும் வேதிப்பொருள். ஊசி போட்டதும் ஆக்சிஜன் நுகர்வு ஒரு கணம் எழும்பி, அடுத்த அளவீட்டிலேயே சரிகிறது. செயலிழந்த மைட்டோகாண்ட்ரியா முதலில் எழும்பாது. இது அளவு மிஞ்சிப்போனதன் அடையாளம். ஒவ்வொரு செல் வகைக்கும் 0.25, 0.5, 1, 2 மைக்ரோமோலார் என்று தனித்தனியே போட்டுப் பார்த்து உச்சம் எங்கே என்று பிடிக்கட்டும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: சில கட்டிச் செல்களில் ஏடிபி ஆக்கத்தைத் தடுக்க முன்னால் போட்ட ஒலிகோமைசினே இந்த உச்சத்தைத் தாழ்த்திவிடும். ஆகவே சில குழிகளில் ஒலிகோமைசின் இல்லாமல் எஃப்சிசிபியை மட்டும் கொடுத்து ஒப்பிட வேண்டும். கடைசியில் சுவாசச் சங்கிலியை அடைக்கும் ரோட்டினோனும் ஆண்டிமைசின் ஏயும் 0.5 மைக்ரோமோலார் போதும். அதற்குப் பிறகும் மிஞ்சும் நுகர்வு மைட்டோகாண்ட்ரியாவுடையது அல்ல, கழித்துவிட வேண்டும்.

எஃப்சிசிபி கரைசலைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைக்கிறாளா என்று கேள். அதைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ ஈரத்தை இழுக்கும். இங்கே சிங்கப்பூர்க் காற்றில் உறைபெட்டியிலிருந்து எடுத்த குழாயைக் குளிரோடு திறந்தால் உள்ளே தண்ணீர் கோத்துவிடும். உங்கள் ஊர் மழைக்காலத்திலும் அதே கதைதான். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறக்கட்டும்.

அளவீடுகளைக் குழியிலுள்ள புரத அளவை வைத்து ஈடுசெய்திருக்கிறாள். அவளுடைய இரண்டு செல் வகைகளும் பருமனில் ஒன்றல்ல. ஓட்டம் முடிந்ததும் ஹெக்ஸ்ட் சாயமிட்டு உட்கருக்களை எண்ணுவதே நேர்மையான கணக்கு.

மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தைக் காட்டும் டிஎம்ஆர்எம் சாயப் படங்களும் எனக்கு முழுதாக நம்பிக்கை தரவில்லை. 20 நானோமோலாரில் ஊறவிட்டு, படம் எடுக்கும்போதும் சாயம் ஊடகத்தில் இருக்க வேண்டும். மருந்தை எதிர்க்கும் கட்டிச் செல்களின் வெளிச்சவ்வில் உள்ள பம்பு இந்தச் சாயத்தையும் வெளியே தள்ளும். அப்போது மங்கலாகத் தெரிவது பம்பின் வேலை, மைட்டோகாண்ட்ரியாவின் குற்றமல்ல. இரண்டு வகைக்கும் அந்தப் பம்பை அடைக்கும் வெராபமில் சேர்த்துப் பார்க்கட்டும். பம்பை அடைக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரின் வேண்டாம், அது மைட்டோகாண்ட்ரியாவின் துளையையும் தொடும்.

நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினை 5 மில்லிமோலார் கொடுப்பது என்ற திட்டத்தைப் பற்றியும் பேச வேண்டும். நோயாளியின் ரத்தத்தில் அது சில பத்து மைக்ரோமோலார்தான். நூறு மடங்கு இடைவெளியில் கிடைக்கும் முடிவை வைத்துச் சிகிச்சை என்று எழுத எனக்கு மனம் ஒப்பாது. சுவாசச் சங்கிலியின் முதல் பகுதியான முதலாம் காம்ப்ளெக்ஸை வலுவாக அடைக்கும் ஐஏசிஎஸ்-010759 என்ற மருந்தை மனிதரில் சோதித்தபோது லாக்டேட் ஏறியது, நரம்பு பாதித்தது, நிறுத்திவிட்டார்கள். 2023இல் அந்த விவரம் வெளிவந்தது. நல்ல செல்லுக்கும் அதே சங்கிலிதானே வேண்டும்?

வளர்ப்புச் செல்களைத் தொற்றும் மைகோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனை எப்போது செய்தாள், செல்கள் எத்தனையாவது பாசேஜ் (எத்தனை முறை புதுத் தட்டுக்கு மாற்றியவை) என்று கேட்டு எழுது. வரைபடம் வேண்டாம், கருவி தந்த மூல எண்களை அப்படியே அனுப்பச் சொல். டிசம்பரில் நீ இங்கே வரும்போது தேக்காவில் தோசையை வைத்துக்கொண்டு குழி குழியாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
வள்ளி