சைக்கிள்காரரை முழுதாகக் காட்டுங்கள்

எங்கள் இணையத் திரைச் சேவையின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஹுவான் அந்தோனியோ பார்தெம் 1955இல் எடுத்த ஸ்பானியப் படம் 'ஒரு சைக்கிளோட்டியின் மரணம்' உங்கள் பட்டியலில் இருப்பதற்கு நன்றி. கடைசிக் காட்சியை முழுத்திரையில் காட்டுங்கள் என்று முன்பே எழுதியிருந்தேன். 'இறுதிப் பெயர்ப் பட்டியல் தானாகவே சிறிதாகும்' என்று பதில் அனுப்பினீர்கள். நான் கேட்டது பெயர்ப் பட்டியலை அல்ல.

நாயகி மரியா ஹோசேயின் கார் பாலத்திலிருந்து விழுந்ததுமே உங்கள் திரை சுருங்கி ஒரு மூலைக்குப் போய்விடுகிறது. மீதி இடமெல்லாம் அடுத்த படத்துக்கான அழைப்பு. யார்மீது மோதாமலிருக்க அவள் காரைத் திருப்பினாளோ, அந்தச் சைக்கிள்காரர் அவள் முகத்தைப் பார்ப்பது அந்த மூலையில்தான். பிறகு அவர் தொலைவில் தெரியும் வெளிச்சத்தை நோக்கிப் புறப்படுகிறார். பெரிதாக்கும் பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். ரிமோட்டைத் தேடி அழுத்துவதற்குள் சைக்கிள் போய்விடுகிறது. பின்னோக்கி ஓட்டினால், கார் விழுகிறது, திரை மறுபடியும் சுருங்குகிறது.

படத்தின் தொடக்கத்தில் அவளும் காதலன் ஹுவானும் தங்கள் கார் மோதி விழுந்த வேறொரு சைக்கிள்காரரை உயிர் இருக்கும்போதே சாலையில் விட்டுவிட்டுப் போனார்கள். உறவு வெளியே தெரிந்துவிடும் என்ற பயம். அந்த வசதியான இருவரும் செய்யாததை, அதாவது உதவி தேடுவதை, கடைசிக் காட்சியின் சைக்கிள்காரர் செய்யப் போகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதை முடிவு செய்யும் வாய்ப்பு எல்லாருக்கும் வேண்டாமா?

கணவனுக்குத் துரோகம் செய்தவள் தண்டனை பெற்றாக வேண்டும் என்பது அப்போது ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோவின் தணிக்கையாளர்கள் போட்ட நிபந்தனை. பார்தெம் அவளைச் சாகடித்தார். ஆனால் அவள் சாவோடு படத்தை முடிக்கவில்லை. நீங்கள் சுருக்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள், எஞ்சுவது தணிக்கையாளர்கள் கேட்ட முடிவு மட்டுமே. அவர்கள் விட்டுவைத்த சில நொடிகளையும், எழுபது ஆண்டுகள் கழித்து, எங்கள் சந்தாப் பணத்தில் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

இன்னொன்று. இந்தப் படத்தை 'உளவு நாடகம்' பிரிவில் வைத்திருக்கிறீர்கள். இதில் உளவாளி யாரும் இல்லை. ராஃபா என்ற கலை விமர்சகன் இருக்கிறான். ஏதோ தெரிந்தவன்போல் ஜாடை பேசி அந்த இருவரையும் மிரட்டுகிறான். அவனை வைத்தா இந்த முடிவுக்கு வந்தீர்கள்? அப்படியானால் எங்கள் குடியிருப்பில் பாதிப் பேரை உளவுத் துறையில் சேர்த்துவிடலாம். கான் திரைப்பட விழாவில் சர்வதேச விமர்சகர் பரிசு வாங்கிய படத்தை, பார்க்காமலேயே வகைப்படுத்த ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திரை சுருங்குவதைப் படம் முற்றிலும் முடிந்த பிறகு வருமாறு மாற்றி, கடைசிக் காட்சியை முழுத்திரையில் காட்டும்படி மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உளவுப் பிரிவிலிருந்து எடுக்க நேரம் இல்லையென்றால் பரவாயில்லை, படம் அங்கேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
சந்தா தவறாத ஒரு பார்வையாளர்