அடிபட்ட தெருவுக்கு முதலில் காகிதமும் கூலியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் திருவாரூர் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் யார் நிற்பது என்ற பேச்சு டீக்கடைகளில் எப்போதோ தொடங்கிவிட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் சென்ற தேர்தலுக்குப் பிறகு பக்கத்து ஊராட்சியில் நடந்ததுதான் என் நினைவுக்கு வருகிறது. நான் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்பில் கணக்கு எழுதுபவள். திருத்துறைப்பூண்டி வட்டத்தில் இருக்கிறேன்.

அந்தத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை 2020 ஜனவரி 2 அன்று தொடங்கியது. முடிவு தெரிந்த இரவு, தோற்றவருடைய ஆட்கள் ஆதிதிராவிடர் தெருவுக்குள் புகுந்தார்கள். ஒரு வார்டில் இருப்பதே சில நூறு ஓட்டுதான். எந்தத் தெரு கைவிட்டது என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ரகசிய வாக்கு என்பது இவ்வளவு சிறிய ஊரில் பாதுகாப்பு தருவதில்லை. கீற்று வீடுகளுக்குத் தீ வைத்தார்கள், ஓட்டு வீடுகளின் கூரையை உடைத்தார்கள், தெருக்குழாயைப் பிடுங்கிப் போட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்பதால் செய்தி ஓரிரு நாளில் ஓய்ந்தது.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்தபோது எங்கள் பக்கத்துக்கு லாரி லாரியாக உதவி வந்தது. முகம் தெரியாதவர்கள் அரிசியும் பாயும் மெழுகுவத்தியும் கொண்டுவந்து இறக்கினார்கள். இந்தத் தெருவுக்கு அப்படி யாரும் வரவில்லை. இரக்கம் இல்லாமல் இல்லை. புயலில் விழுந்த வீட்டுக்குக் கீற்று கொடுத்தால் புண்ணியம் என்பார்கள். தேர்தல் சண்டையில் எரிந்த வீட்டுக்குக் கொடுத்தால் கட்சி கட்டுவதாகச் சொல்வார்கள். புயலின்போது தன் வீட்டுத் திண்ணையில் கஞ்சி காய்ச்சி ஊற்றிய ஒரு பெரியவர், இப்போது இருட்டிய பிறகு பேரனிடம் ஒரு மூட்டை அரிசியைக் கொடுத்தனுப்பினார். அவரை நான் குறை சொல்லவில்லை. பகலில் கொடுக்க முடியாத நிலைமையை மாற்றுவது அரசு அதிகாரிகளின் வேலை என்கிறேன்.

வந்த உதவியும் தார்ப்பாய், அரிசி, சேலை என்ற அளவில் நின்றது. அவை தேவைதான். ஆனால் அந்தத் தெருப் பெண்கள் முதல் நாளே எங்களிடம் அழுதது காகிதங்களுக்காக. ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை, சாதிச் சான்றிதழ் எல்லாம் தகரப் பெட்டியோடு கருகிவிட்டன. பொங்கல் நெருங்குகிறது, ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாயும் கரும்பும் தருகிறார்கள். அட்டை கொண்டு வா என்கிறார் கடைக்காரர். புத்தகம் இல்லாமல் பணம் எடுக்க முடியாது என்கிறது வங்கி. தொலைந்த அட்டைக்கு நகல் கேட்டால் காவல் நிலையத்துச் சான்று கேட்கிறார்கள். காவல் நிலையத்துக்குப் போகிற வழியிலோ, அடித்தவர்களின் வீடுகள்.

அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது கூட்டமைப்பின் பழைய கோப்புகள். குழுக்கடன் வாங்கும்போது உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் ஜெராக்ஸ் வாங்கி வைத்திருப்போம். அந்தக் கட்டு எங்கள் ஊரில் பத்திரமாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பெயர் பெயராக எண்களை எழுதிக் கொடுத்தோம். எண் கையில் இருந்தால் இ-சேவை மையத்தில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. குழுவில் இருந்த பெண்களுக்கு அட்டைகள் சீக்கிரம் வந்தன. குழுவில் இல்லாதவர்கள்தான் தவித்தார்கள். தனியாக இருந்த ஒரு மூதாட்டிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் முதியோர் உதவித்தொகை நின்றுபோனது. தன் ஆதார் எண்ணைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை, எழுதி வைத்திருந்தவரும் யாரும் இல்லை. பிளஸ் டூ படித்த ஒரு பையன் அரசுப் பொதுத்தேர்வுக்கு முன்பு புத்தகம் இல்லாமல் நின்றான். நண்பனின் நோட்டுகளைப் படம் எடுத்துப் படித்தான்.

அடுத்தது கூலி. ஜனவரியில் சம்பா அறுவடை. இப்போதெல்லாம் இயந்திரம்தான் அறுக்கிறது என்றாலும் வரப்பு வேலை, களத்து வேலை, கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குவது, பிறகு உளுந்து பறிப்பது என்று மாசி, பங்குனி வரைக்கும் அந்தத் தெரு அதில்தான் பிழைக்கும். அந்த ஆண்டு நிலக்காரர்கள் சிலர் வெளியூரிலிருந்து வேனில் ஆள் கொண்டுவந்து உளுந்து பறித்தார்கள். கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கியவர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை, காவலுக்கு நின்ற போலீசாருக்கும் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் அடுப்பு எரியவில்லை. இளைஞர்கள் திருப்பூருக்குப் போனார்கள். மார்ச் 25-இல் ஊரடங்கு வந்ததும், பாதி கட்டிய சுவர்களுக்கு நடுவே திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது, வீட்டு வரி ரசீது போடுவது, நூறு நாள் வேலையின் வருகைப் பதிவேடு எல்லாம் ஊராட்சியின் கையில் இருக்கின்றன. தேர்தலில் முட்டிக்கொண்ட இரு தரப்பில் ஒரு தரப்பு அங்கே உட்கார்ந்திருக்கும்போது, அடிபட்டவர்கள் போய்க் கையேந்தி நிற்க வேண்டியிருக்கிறது. கோயில் நிலத்தில், புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்குப் பட்டா கிடையாது. அந்த வரி ரசீதுதான் அங்கே வீடு இருந்தது என்பதற்கு ஒரே சாட்சி. அந்த ஊரில் நிலைமை கொஞ்சம் இளகியது, வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் தலையிட்ட பிறகுதான். இரண்டு தெருக்காரர்களின் வயலுக்கும் பாய்கிற வாய்க்கால் ஒன்றைத் தூர்வாரும் வேலையை எடுத்து, இரு தெருப் பெண்களையும் ஒரே பதிவேட்டில் சேர்த்தார். முதல் இரண்டு நாள் தனித்தனியாக நின்று மண் வெட்டினார்கள். பிறகு வெயில் ஏறியதும் ஒரே புங்கமரத்து நிழலில்தான் உட்கார வேண்டியிருந்தது.

இதற்கு முன்னால் அமைதிக் கூட்டம் ஒன்று போட்டார்கள். அதில் முதலில் பேசப்பட்டதே, புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். வீடு இழந்த பெண்களில் ஒருவரைக்கூட அங்கே அழைக்கவில்லை. எனக்கு இதில் மாற்றமில்லாத கருத்து உண்டு: புகார் வேறு, சமாதானம் வேறு. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995-இல் வந்த விதிகளின்படி, எரிக்கப்பட்ட வீட்டை அரசு செலவில் கட்டித்தர வேண்டும். 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, நிவாரணத்தை ஏழு நாட்களுக்குள் வழங்க வேண்டும் என்றும் இருக்கிறது. இது சட்டம் கொடுத்த உரிமை. கைகுலுக்கினால்தான் கிடைக்கும் என்று யாரும் பேரம் பேசக் கூடாது.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று, கூலித் தகராறில் வைக்கப்பட்ட தீயில் ஆதிதிராவிடர் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் மாண்ட பிறகு, காந்தியத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்தப் பகுதிக்கே வந்து தங்கினார்கள். 1981-இல் உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கி, நிலத்தை விலைக்கு வாங்கி, பெண்கள் பெயரில் பதிந்து கொடுத்தார்கள். அவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிருந்தால் எத்தனையோ குடும்பங்களுக்கு இன்றும் ஒரு குழி நிலம் இருந்திருக்காது.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. எங்காவது அப்படி நடந்துவிட்டால், முதல் வாரத்திலேயே வட்டாட்சியர் அலுவலகம், வங்கி, இ-சேவை, பள்ளிக் கல்வித் துறை எல்லோரும் அந்தத் தெருவிலேயே மேசை போட்டு உட்காரட்டும்; மக்களை நகரத்துக்கு அலையவிட வேண்டாம். தண்ணீரையும் வேலைப் பதிவேட்டையும் சில மாதங்களுக்கு ஒன்றிய அலுவலகம் நேரடியாகப் பார்க்கட்டும். வாரத் தவணை வசூலிக்கும் நுண்கடன் நிறுவனங்கள் வீடு எரிந்தவர்களின் வாசலில் நிற்காதபடி ஆட்சியர் எழுத்தில் உத்தரவு போடட்டும். வங்கி மேலாளர்களும் குழுக்கடன் தவணையைத் தள்ளிப்போட மனம் வைக்க வேண்டும். தங்கள் நிருபரும் மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை அந்தத் தெருவுக்கு வந்து எழுத வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கூட்டமைப்பில், குழுவில் இல்லாத வீடுகளுக்கும் சேர்த்து, விருப்பப்பட்டவர்களின் அட்டை நகல்களை உறையில் போட்டு ஒட்டி வாங்கி வைக்கத் தொடங்கியிருக்கிறோம். ஒரு தெருவின் உறைகள் வேறு ஊரில் இருக்கும்படி மாற்றி வைக்கிறோம். மற்ற ஒன்றியங்களில் உள்ள குழுக்களும் தேர்தலுக்கு முன் இதைச் செய்யலாம். ஜெராக்ஸ் செலவும் பூட்டுப் போட்ட ஒரு பீரோவும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
மகளிர் குழுக் கூட்டமைப்புக் கணக்காளர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.