அரக்குச் சேலைக்கு மட்டும் நிறம்: சாம்பலையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்குகின்றன. பெண்ணின் அரக்குச் சேலை மட்டும் நிறத்தோடு நிற்க, மற்றதெல்லாம் கறுப்பு-வெள்ளையாகத் தெரியும் படத்தைத் திருநெல்வேலி, தென்காசிப் பக்கக் கல்யாண ஆல்பங்களில் கேட்டு வாங்குகிறார்கள். வீட்டுப் பிள்ளைகளும் கைப்பேசியிலேயே செய்து பார்க்கிறார்கள். பொறுமையாகச் செய்தால் அழகான வேலை. கெடுகிற படங்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் கெடுகின்றன. மிஞ்சுகிற நிறத்தையே பார்த்துக்கொண்டு, சாம்பலாக மாறும் பகுதியை விட்டுவிடுகிறோம். தாளில் பெரும்பங்கு அந்தச் சாம்பல்தான்.

போட்டோஷாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் அழுத்தினால் நிறம் போய்விடும். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த முறை ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் கூடியதையும் குறைந்ததையும் கூட்டிப் பாதியாக்குகிறது. அப்படிக் கணக்கிட்டால் முழுச் சிவப்பும் முழுப் பச்சையும் ஒரே சாம்பல்தான். நம் ஊர்க் கல்யாணத்தில் இது பெரிய தொல்லை. பெண்ணின் சேலைக்கு நிறம் இருக்கும், பக்கத்தில் நிற்கும் அம்மா, அத்தைமார் சேலைகளுக்கு இருக்காது. அரக்கு உடலும் பச்சைக் கரையும் உள்ள சேலையில் கரை எங்கே, உடல் எங்கே என்று தெரியாமல் ஒரே துணியாகிவிடும்.

அதற்குப் பதிலாக ‘பிளாக் அண்ட் ஒயிட்’ அட்ஜஸ்ட்மென்ட் லேயரை (படத்தின் மேல் விரிக்கும் திருத்த அடுக்கை) போடுங்கள். அடியில் உள்ள படம் தொடப்படாமல் இருக்கும். ஆறு நிறங்களுக்கு ஆறு ஸ்லைடர்கள் (இழுத்து அளவை மாற்றும் பட்டைகள்) வரும். திறந்தவுடன் சிவப்பு 40, மஞ்சள் 60, பச்சை 40, சயான் (நீலப்பச்சை) 60, நீலம் 20, மெஜந்தா (ஊதாச்சிவப்பு) 80 என்று இருக்கும். இங்கேயும் சிவப்பும் பச்சையும் ஒரே எண்ணில்தான் நிற்கின்றன. லேயரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டால் அத்தைமார் சேலைக் கரை மறுபடியும் காணாமல் போகும். பச்சையை 10 அல்லது 15 கீழே இறக்கிப் பாருங்கள், கரை பிரிந்து வரும். வாழை இலை, வயல், தோப்பு எல்லாம் கண்ணுக்குப் பச்சையாக இருந்தாலும் படத்தில் அவற்றில் மஞ்சள் நிறைய கலந்திருக்கும். ஆகவே இலை மாற வேண்டுமானால் மஞ்சள் ஸ்லைடரையும் நகர்த்த வேண்டும். நகையும் தாலிக்கயிற்று மஞ்சளும் அதே ஸ்லைடரில்தான் இருக்கின்றன, அவற்றையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிம்ப் மென்பொருளில் இதே வேலையை ‘மோனோ மிக்ஸர்’ செய்யும். அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்களின் கூட்டுத்தொகை 1-ஐ ஒட்டி இருந்தால் படத்தின் வெளிச்சம் மாறாது.

தோல் சிவப்பு, மஞ்சள் இரண்டு ஸ்லைடர்களுக்கும் கட்டுப்பட்டது. சிவப்பை ஏற்ற ஏற்ற முகம் வெளுக்கும். வெயிலில் உழைத்துக் கறுத்த தாத்தாவையும், நெற்றிச் சுருக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் ஆச்சியையும் இந்த ஒரு ஸ்லைடரைக் கொண்டு வெளுப்பாக்கிவிடுகிறார்கள். சுருக்கம், மச்சம், கண்ணுக்குக் கீழே உள்ள நிழல் எல்லாம் அதோடு போய்விடும். அது அவர்கள் முகமே அல்ல. நிறப்படத்தில் அவர் எந்த அளவு கறுப்போ சாம்பலிலும் அந்த அளவே இருக்க வேண்டும் என்று வீட்டார் கேட்க வேண்டும், வேலை செய்பவரும் அதைத் தாமே காக்க வேண்டும். ஸ்லைடரை அளவுக்கு மீறி இழுத்தால் இன்னொன்றும் நடக்கும். ஜேபெக் கோப்பாகச் சேமித்த படம் 8-க்கு 8 பிக்ஸல் கட்டங்களாகச் சுருக்கப்பட்டது. அந்தக் கட்டங்கள் கன்னத்தில் திட்டுத்திட்டாக வெளியே வந்துவிடும்.

அடுத்தது மாஸ்க், அதாவது லேயர் எங்கே வேலை செய்ய வேண்டும், எங்கே கூடாது என்று காட்டும் மறைப்பு. லேயரோடு வரும் வெள்ளைச் சதுரத்தில் கறுப்புப் பிரஷால் தீட்டினால் அந்த இடத்தில் நிறம் திரும்பும், தவறினால் வெள்ளையால் தீட்டி மூடலாம். பிரஷின் ஓரம் படத்தின் ஓரத்தைப் போல இருக்க வேண்டும். தெளிவாக விழுந்த சேலை மடிப்புக்கு ஹார்ட்னெஸ் (பிரஷ் ஓரத்தின் கூர்மை) 70, 80. ஃபோகஸ் விலகிய முந்தானைக்கு 20-க்குள். எல்லா இடத்துக்கும் ஒரே பிரஷ் ஓட்டினால்தான் கத்தரித்து ஒட்டியது போலத் தெரிகிறது. மெல்லிய வலைத் துப்பட்டாவில் பின்னால் உள்ளதும் தெரியும். அங்கே முழுக்கத் தீட்டாமல் ஒப்பாசிட்டியை (தீட்டும் அடர்த்தியை) 40, 50-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். வளையல்களின் இடுக்கு, இடுப்பில் மடிப்புக்கும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி, மல்லிகைச் சரம் சேலையில் உரசும் இடம் ஆகிய மூன்றும் எப்போதும் விட்டுப்போகும். மாஸ்க்கைச் சரிபார்க்கச் சிவப்புப் படலம் போட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு, சிவப்புச் சேலையில் அந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாது. ஆல்ட்டை அழுத்தியபடி மாஸ்க் சதுரத்தைத் தட்டினால் மாஸ்க் மட்டும் கறுப்பு-வெள்ளையில் விரியும். விட்டுப்போன புள்ளிகள் அதில் பளிச்சென்று தெரியும். 100 சதவீதப் பெரிதாக்கத்தில் ஓரம் முழுவதையும் ஒரு சுற்று பாருங்கள்.

முகத்துக்கு நிறம் கொடுத்தால் கழுத்துக்கும் கைக்கும் கொடுத்தே ஆக வேண்டும். நிறமுள்ள முகமும் சாம்பல் கையும் பார்க்கச் சகிக்காது.

சிவப்பைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை நம்பி நம் பக்கத்து இடங்களில் வேலை நடக்காது. கோயில் மதிலின் காவிப் பட்டைக்கு முன்னால் அரக்குச் சேலை நின்றால் பட்டை, உதடு, குங்குமம், மருதாணிக் கை எல்லாம் சேர்ந்து வரும். தேரிக்காட்டில் அதைவிட மோசம்: தரையே சிவப்பு, அந்த மணலின் நிறம் தாடைக்கு அடியிலும் வெள்ளை வேட்டி ஓரத்திலும் ஏறியிருக்கும். அங்கே படம் எடுப்பதாக இருந்தால் நீலமோ மயில்கழுத்து நிறமோ உடுத்தச் சொல்லுங்கள், தேர்ந்தெடுப்பது சில நிமிட வேலை. குற்றாலத்தில் தொல்லை வேறு மாதிரி. சாரல் முன்னால் பறக்கும்போது துணியின் நிறம் பாலில் கரைந்தது போல வெளுக்கும். அந்த ஓரத்தில் கூர்மையான மாஸ்க் போட்டால் சாரல் அறுந்துபோகும். ஹார்ட்னெஸ் 0, ஒப்பாசிட்டி 30, இரண்டு மூன்று முறை மேலோட்டமாகத் தடவினால் போதும்.

மிஞ்சிய நிறத்தை மேலும் ஏற்றாதீர்கள். சாம்பலுக்கு நடுவில் எந்த நிறமும் தன் அளவைவிடக் கூடுதலாகவே தெரியும். சாச்சுரேஷனை (நிறச் செறிவை) 10 குறைத்தால்தான் பட்டு பட்டாக இருக்கும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் வாளி நிறம் வந்துவிடும்.

கைப்பேசியில் ஸ்னாப்சீட் இலவசம். ‘பிளாக் அண்ட் ஒயிட்’ போட்டுச் சேமித்த பின் ‘வியூ எடிட்ஸ்’ பட்டியலில் அந்த வேலையைத் தொட்டுப் பிரஷ் குறியைத் தேர்ந்தெடுங்கள் (பதிப்பு மாறினால் பொத்தானின் இடம் மாறும்). 100-இல் தீட்டிய இடம் சாம்பலாகும், 0-வில் தீட்டினால் நிறம் திரும்பும். பிரஷைச் சிறிதாக்கத் தனிப் பொத்தானைத் தேட வேண்டாம். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினால் பிரஷ் தானாகச் சிறிதாகிவிடும்.

பழைய கறுப்பு-வெள்ளைப் படத்தில் பொட்டுக்கு மட்டும் நிறம் ஏற்றித் தரச் சொல்வதும் உண்டு. அதற்கு லேயரின் பிளென்டிங்கை, அதாவது அடிப்படத்தோடு கலக்கும் முறையை, ‘கலர்’ என்று வைத்துத் தீட்டினால் அடியில் உள்ள ஒளிநிழல் மாறாது, ஆனால் முழுக் கறுப்பாக விழுந்த இடத்தில் நிறம் ஒட்டாது. மூலத்தில் பொட்டே இல்லாத ஆச்சிக்கு வீட்டாரைக் கேட்காமல் பொட்டு வைக்கக் கூடாது.

கடைசியாக, அச்சுக்கு வேண்டிய அளவு. 12-க்கு 18 அங்குலத் தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 3600-க்கு 5400 பிக்ஸல் வேண்டும். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600-க்குச் சுருங்கிவிடும், அதில் எந்த மாஸ்க்கும் நேராக உட்காராது. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் பென்டிரைவில் கொடுங்கள். லேயரோடு பிஎஸ்டி (போட்டோஷாப்) கோப்பு ஒன்றும், அச்சிடும் லேபுக்கு எஸ்ஆர்ஜிபி எனும் பொது நிறவெளியில் ஜேபெக் ஒன்றும் தனித்தனியாகச் சேமிக்க வேண்டும். நிறத் தாளில் சாம்பலும் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் கலந்துதான் உருவாகிறது. ஒன்று சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ சாம்பல் பச்சையாகவோ ஊதாவாகவோ சாயும். அதனால் ஆல்பம் முழுவதையும் அனுப்பும் முன் 4-க்கு 6 அளவில் ஒரு படம் மட்டும் போட்டு, அதைப் பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்துப் பாருங்கள்.

ஆல்பம் கைக்கு வரும் நாளில், நிறம் நீக்காத மூலப்படங்கள் அத்தனையையும் ஸ்டுடியோவில் கேட்டு வாங்கி இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். சாம்பலாக மட்டுமே சேமித்த ஜேபெக்கிலிருந்து அத்தையின் சேலைக்கரை பச்சையா நீலமா என்று யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

இப்படிக்கு,
ஆல்பம் வடிவமைப்புத் தொழிலாளர்கள்,
பாளையங்கோட்டை.