வாரத்தைக் குறையுங்கள், தூரத்தைக் குறைக்காதீர்கள்: உலக ராலி கமிஷனுக்கு ஒரு திறந்த மடல்

உலக மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் உலக ராலி கமிஷன் உறுப்பினர்களுக்கும், டபிள்யூ.ஆர்.சி. என்கிற உலக ராலி சாம்பியன்ஷிப்பின் புரமோட்டர் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

நான் வட சென்னையில், தண்டையார்பேட்டையில் கார் ஷெட் வைத்திருப்பவன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு ஒன்பது மணி வரை கையில் கிரீஸ் போகாது. ராலி நடக்கிற வார இறுதியில் மட்டும் செல்போனை டூல் டிராலி மேல் சாய்த்து வைத்துவிடுவேன். கென்யாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் சஃபாரி ராலி நடக்கும் சனிக்கிழமை எங்கள் ஷெட்டில் பாதி வேலைதான் நடக்கும். வண்டி எடுக்க வந்தவர்களும் பையன்களோடு சேர்ந்து நின்றுவிடுவார்கள். "இது நம்ம ஐ20 தானே?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

பெயர் அதுதான். ரோட்டில் ஓடும் ஐ20 இங்கே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. ஹூண்டாயின் ராலி கார் ஜெர்மனியில் அல்சனாவ் என்கிற ஊரில் உருவாகிறது. இருந்தாலும், துறைமுகத்துக்குப் போகும் கார் டிரெய்லர்களைத் தினமும் பார்த்து வளர்ந்த எங்கள் பையன்களுக்கு, 2024-ல் தியரி நுவில் அந்தப் பெயர் கொண்ட காரில் உலக சாம்பியன் ஆனபோது சொந்தக்காரர் ஜெயித்த மாதிரி இருந்தது.

ராலி பார்ப்பவர்கள் கூடினால் இப்போது இரண்டு பேச்சுத்தான். அடுத்து எந்த டிரைவர் எந்த சீட்டில் உட்காரப் போகிறார் என்பது ஒன்று. ராலியின் வடிவத்தை எப்படி மாற்றப் போகிறார்கள் என்பது இன்னொன்று: குட்டி ராலிகள் வருமா, மூன்று நாள் இரண்டு நாள் ஆகுமா, புள்ளிக் கணக்கு மறுபடி மாறுமா என்று. இரண்டையும் தனித்தனியாகத்தான் பேசுகிறார்கள். இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறி என்று எனக்குப் படுகிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

டிரைவர்கள் பக்கத்தை முதலில் பாருங்கள். செபாஸ்தியன் ஓஜியே 2022 முதல் முழு சீசன் ஓட்டுவதில்லை. காலே ரோவன்பெரா 22 வயதில் உலக சாம்பியன் ஆனவர். 2022, 2023 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டம். உடனே 2024-ல் பாதி சீசன், 2025-ல் முழு சீசன், அதோடு ராலியை விட்டு ஜப்பானில் சர்க்யூட் ரேஸ் ஓட்டப் போவதாகச் சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு வயது 25. அதே 2025 முடிவில் ஓட் டானக்கும் ஒதுங்கிக்கொண்டார். ஹூண்டாய் தன் மூன்றாவது காரை 2026-க்கு லாப்பி, சோர்டோ, பேடன் என்று மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒரு சீட்டுக்கு மூன்று பேர் என்றால், அந்த சீட்டில் உட்கார ஆள் இல்லாமல் இல்லை. வருஷம் முழுக்க உட்காரத்தான் ஆள் இல்லை.

காரணம் என்ன? பணம் என்பார்கள், குடும்பம் என்பார்கள், சலிப்பு என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு ராலி ஒரு மனிதரிடமிருந்து எத்தனை நாளை எடுத்துக்கொள்கிறது என்று எண்ணிப் பாருங்கள். திங்களோ செவ்வாயோ ரெக்கி, அதாவது பாதையை முன்கூட்டிப் பார்க்கும் வேலை, தொடங்கும். ஸ்டேஜ் என்கிற, கடிகாரத்தோடு ஓட்டும் ஒவ்வொரு சாலைப் பகுதியையும் இரண்டு முறை மெதுவாக ஓட்டி, பந்தயத்தில் கோ-டிரைவர் படித்துச் சொல்லும் பேஸ் நோட்ஸை வளைவு வளைவாக எழுத வேண்டும். இரவில் வீடியோ பார்த்து அதைத் திருத்த வேண்டும். வியாழக்கிழமை ஷேக்டவுன் என்கிற கடைசி ஒத்திகை ஓட்டம். வெள்ளி, சனி, ஞாயிறு ராலி. இதற்கு முன்னால் டெஸ்ட் ஓட்டம் வேறு. இப்படி வருஷத்துக்கு 14 முறை. 2025 சீசன் நவம்பர் 29 அன்று சவுதி அரேபியாவில் முடிந்தது. அடுத்த சீசன் ஜனவரி 22-ல் மான்டி கார்லோவில் தொடங்கியது. இடையில் எட்டு வாரம்கூட இல்லை.

எங்கள் ஷெட்டிலிருந்து காசிமேடு பக்கம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் பெருகட்டும் என்று போட்ட தடை அது. அந்த இரண்டு மாதத்தில் துறைமுகத்தைப் போய்ப் பார்த்தால் தெரியும். படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, இன்ஜினைப் பிரித்து, பெயின்ட் அடித்து, வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். ஆளும் ஓய்வெடுப்பான், படகும் ஓய்வெடுக்கும். ஜூன் பாதியில் திரும்ப இறங்கும்போது நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடித்து வருவார்கள். கடலில் தங்குகிற நாள் அதிகம் என்று அவர்கள் யாரும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. கரையில் வீணாகக் காத்துக் கிடக்கிற நாளைத்தான் வெறுப்பார்கள்.

டிரைவர்களை விரட்டுவதும் அந்தக் கரை நாட்கள்தான் என்று நினைக்கிறேன். ஒரு ராலியில் கடிகாரத்தோடு ஓட்டுகிற தூரம் சுமார் 300 கிலோமீட்டர். அதற்காக ஒரு முழு வாரம் போய்விடுகிறது. இந்த நிலையில் ராலியைச் சின்னதாக்குகிறோம் என்று கிளம்பி அந்த 300 கிலோமீட்டரில் கை வைத்தால், வியாதியை விட்டுவிட்டு நல்ல உறுப்பை வெட்டின கதையாகிவிடும். ரெக்கியைச் சுருக்குங்கள். ஷேக்டவுனை எல்லா ஊரிலும் வைத்தே ஆக வேண்டுமா என்று யோசியுங்கள். சில ராலிகளை இரண்டே நாளில் முடியுங்கள், ஆனால் அந்த இரண்டு நாளும் நீளமாக இருக்கட்டும். விடிவதற்கு முன் கிளம்பட்டும், இருட்டில் லைட் பாட் என்கிற கூடுதல் விளக்குகளை மாட்டிக்கொண்டு ஸ்டேஜ் ஓடட்டும்.

தூரத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன். இருபது வயதுகளில் ஒரு நண்பரின் ராலி ஜிப்சிக்கு சர்வீஸ் ஆளாகக் கர்நாடகத்துக் காப்பித் தோட்டச் சாலைகளுக்குப் போயிருந்தேன். அணியின் பெயர் வேண்டாம். ஸ்பேர் பெட்டியைக் கட்டினவர்கள், முன்சக்கரங்களைத் திருப்ப உதவும் கம்பியான டை ராடை எடுத்து வைக்க மறந்துவிட்டார்கள். இரண்டாம் நாள் மதியம் வண்டி சர்வீஸ் பார்க்குக்குள் நுழையும்போதே பார்த்தோம். முன்சக்கரம் இரண்டும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. டை ராடு வில் மாதிரி வளைந்திருந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம், இல்லை. எங்கள் சர்வீஸ் வண்டியும் ஜிப்சிதான். நான் எதுவும் பேசாமல் அதன் அடியில் படுத்து, காட்டர் பின்னைப் பிடுங்கி, அதன் டை ராடைக் கழற்ற ஆரம்பித்தேன். பால் ஜாயின்ட் வரவே இல்லை. பக்கவாட்டில் சுத்தியலால் நாலு அடி கொடுத்த பிறகு 'டக்' என்று விட்டது. மேலே காய்ந்திருந்த செம்மண் அப்படியே கண்ணில் விழுந்தது. அதை மாட்டி, சக்கர நேரைக் கயிறு கட்டிப் பார்த்து அனுப்பினோம். இரண்டு நிமிடம் தாமதம். நிமிடத்துக்கு 10 விநாடி வீதம் 20 விநாடி அபராதம்.

முதல் நாள் எங்கள் வண்டி எங்கோ பின்னால் கிடந்தது. மூன்றாம் நாள் முன்னால் போனவர்களில் ஒருவருக்கு கியர்பாக்ஸ் போனது, ஒருவர் மண் மேட்டில் ஏறி நின்றார், ஒருவருக்குத் தூக்கம் இல்லாமல் நோட்ஸ் பக்கம் தவறியது. நாங்கள் எங்கள் பிரிவில் மூன்றாவதாக வந்தோம். டை ராடு இல்லாத சர்வீஸ் ஜிப்சியைத் தோட்டத்து கேட் ஓரமாக நிறுத்திவிட்டு, சென்னையிலிருந்து பஸ்ஸில் பாகம் வரும் வரை இரண்டு நாள் நானும் இன்னொரு பையனும் அங்கேயே படுத்துக் கிடந்தோம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல இரண்டு நாள் குறைவு. ஒரு நாள் ராலியாக இருந்திருந்தால் அந்த மூன்றாம் இடம் இல்லை. வேகமானவர் யார் என்பது முதல் பத்து கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். வண்டியும், கோ-டிரைவரும், சர்வீஸ் ஆட்களும் சேர்ந்து எவ்வளவு தாங்குவார்கள் என்பது தெரியத்தான் நீண்ட தூரம் தேவைப்படுகிறது.

இது உங்களுக்குத் தெரியாததில்லை. எஃப்.ஐ.ஏ. தலைவர் முகமது பின் சுலயேம் 14 முறை மத்தியக் கிழக்கு ராலி சாம்பியன். வெயிலில் வண்டியும் உடம்பும் படுகிற பாட்டை நான் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கமிஷனில் தலைமைப் பொறுப்பில் இருந்த ஷேகர் மேத்தா ஐந்து முறை சஃபாரி ஜெயித்தவர். முதல் வெற்றி 1973-ல், உலக ராலி சாம்பியன்ஷிப் தொடங்கிய அதே வருஷம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி முடித்துப் பார்த்தால் அவருக்கும் ஹாரி கால்ஸ்ட்ரோமுக்கும் அபராதப் புள்ளி சரிசமம். சமநிலையை உடைக்கும் விதிப்படிதான் மேத்தா ஜெயித்தார். 1965, 1974, 1976 என்று மூன்று முறை ஜெயித்த ஜோகிந்தர் சிங்கும் அங்கேயே வாழ்ந்த நம் வம்சாவளிக்காரர். இங்கே ராலி பிடித்துப் போன என் வயதுக்காரர்களுக்கு இந்த இரண்டு பெயரும் சாமி பெயர் மாதிரி.

அந்தப் பழைய சஃபாரியை அப்படியே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. திறந்த சாலையில் மாடும் லாரியும் குறுக்கே வர ஓட்டிய காலம் அது, போனது போகட்டும். ஆனால் 2021-ல் சஃபாரி திரும்பி வந்தபோது, நைவாஷா ஏரிப் பக்கம் மாவு மாதிரி புழுதியில் கார்கள் நீந்தியதைப் பார்த்தோமே, அதில் பழைய ரத்தம் இன்னும் ஓடியது. சஃபாரி, கிரீஸ் மாதிரி நாலு ராலியையாவது நிஜமாகவே நீளமாக்குங்கள். மற்றவற்றை இரண்டு நாளில் இறுக்குங்கள். 2024-ல் உங்கள் பணிக்குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, எல்லா ராலியும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்க வேண்டாம் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அந்த வாசலை அகலமாகத் திறங்கள்.

புள்ளிக் கணக்கைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. 2024 ஸ்வீடனில் லாப்பி ராலியை ஜெயித்து 19 புள்ளி வாங்கினார், இரண்டாவதாக வந்த எவன்ஸ் 24 வாங்கினார். ஷெட்டில் ஒரு பத்தாம் வகுப்புப் பையனுக்கு இதை விளக்க என்னால் முடியவில்லை. அடுத்த வருஷமே அதை மாற்றினீர்கள். இப்போது வெற்றிக்கு 25, ஞாயிறு ஓட்டத்துக்கு 5, பவர் ஸ்டேஜ் என்கிற கடைசி ஸ்டேஜுக்கு 5. போதும், இதை இப்படியே விடுங்கள்.

ஆனால் புறப்படும் வரிசை அப்படி விடக்கூடியதில்லை. டிரைவர் பட்டியலும் ராலி வடிவமும் நேருக்கு நேர் மோதுகிற இடம் அதுதான். மண் சாலையில் முதலில் போகிறவர் துடைப்பக்கட்டைதான். தளர்ந்து கிடக்கும் ஜல்லியை அவர் சக்கரம் கூட்டித் தள்ள, பின்னால் வருகிறவர்களுக்குப் பிடிமானமுள்ள தடம் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை முதலில் போக வேண்டியவர் புள்ளிப் பட்டியலில் முதலில் இருப்பவர். 2025-ல் எவன்ஸ் ஸ்வீடனையும் கென்யாவையும் ஜெயித்து மேலே போனார். அதற்குப் பரிசாக போர்ச்சுகல், சார்டினியா, கிரீஸ் மூன்றிலும் சாலையைக் கூட்டினார். ஸ்வீடன், கென்யா இரண்டுக்கும் வராத ஓஜியே, பின்னால் புறப்பட்டு போர்ச்சுகலையும் சார்டினியாவையும் ஜெயித்தார். 14 ராலியில் 11 மட்டும் ஓட்டி, கடைசியில் 4 புள்ளி வித்தியாசத்தில் தன் ஒன்பதாவது பட்டத்தையும் எடுத்தார். எவன்ஸுக்கு ஐந்தாவது முறையாக இரண்டாம் இடம்.

ஓஜியே மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விதிக்குள் நின்று ஓட்டினார், அவரை மாதிரி ஓட்ட ஆளில்லை. என் வருத்தமெல்லாம் விதி மேல்தான். முழு சீசன் ஓட்டுகிறவருக்குத் தண்டனையும், லீவு போடுகிறவருக்குச் சுத்தமான சாலையும் கிடைத்தால், அடுத்த தலைமுறை எதைக் கற்றுக்கொள்ளும்? 2025-ல் எஸ்டோனியாவில் ஒரே ஒரு வாய்ப்புக் கிடைத்து அதையே வெற்றியாக்கிய ஆலிவர் சோல்பர்க் மாதிரி இளைஞர்கள் முழு சீசனுக்கு வரும் நேரத்தில் இதைச் சரி செய்ய வேண்டாமா?

என் யோசனை இதுதான். வெள்ளிக்கிழமை வரிசைக்கு மொத்தப் புள்ளியை எடுக்காதீர்கள். ஒரு டிரைவர் அந்த சீசனில் இறங்கிய ராலிகளின் எண்ணிக்கையால் அவர் புள்ளியை வகுத்து, அந்தச் சராசரியை எடுங்கள். இரண்டு ராலி ஓட்டி 50 புள்ளி எடுத்தவரின் சராசரி 25. நாலு ராலி ஓட்டி 80 எடுத்தவரின் சராசரி 20. இப்போதைய விதிப்படி 80 எடுத்தவர் முன்னால் போய்ச் சாலை கூட்ட வேண்டும். என் கணக்கில் 50 எடுத்தவர் முன்னால் போவார். யாருக்கும் ஓய்வெடுக்கத் தடை இல்லை. ஓய்வு லாபமாகாது, அவ்வளவுதான்.

2027 விதிகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். காரின் விலைக்கு 345,000 யூரோ உச்சவரம்பு வைத்தீர்கள். பெரிய கார் கம்பெனிகள் மட்டுமல்ல, சின்ன பட்டறைக்காரர்களும் கட்டிக் கொண்டு வரலாம் என்றீர்கள். நல்ல முடிவு. எங்களுக்கு இதில் ஒரு சொந்த ஆசையும் இருக்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்த கொட்டகையிலிருந்து வளர்ந்ததுதான் எம்.ஆர்.எஃப். அந்த டயரில் ஓட்டி கௌரவ் கில் 2013, 2016, 2017-ல் ஆசிய பசிபிக் சாம்பியன் ஆனார். 2022-ல் எஃப்ரென் யரேனா ஐரோப்பிய சாம்பியன் ஆனார். 2023-ல் டெஸ்ட் ஓட்டத்தில் நாம் பறிகொடுத்த கிரெய்க் பிரீனும் ஒரு காலத்தில் எம்.ஆர்.எஃப். அணிக்கு ஓட்டியவர்தான். அவர் இறந்த செய்தி வந்த அன்று எங்கள் ஷெட்டில் அரை நாள் யாரும் ஸ்பானரைத் தொடவில்லை. திருவொற்றியூரிலிருந்து ஐரோப்பியப் பட்டம் வரை போக முடிந்தவர்களுக்கு, கதவு திறந்திருந்தால் உலக ராலி தூரமில்லை. சின்ன அணிகள் வர வேண்டுமென்றால் செலவு குறைய வேண்டும். செலவு கூடுவது ஹோட்டல் நாட்களிலும் பயண நாட்களிலும்தான். வாரத்தைக் குறைத்தால் அவர்களுக்கும் வழி பிறக்கும்.

என் அப்பா ஒவ்வொரு பிப்ரவரியிலும் செங்குன்றம் வழியாகப் பஸ்ஸில் என்னைச் சோழவரம் கூட்டிப் போவார். யுத்த காலத்து விமான ஓடுபாதை அது, அங்கேதான் ரேஸ் நடக்கும். இன்று என் மகன், நடுவழியில் வண்டியைச் சரிசெய்யும் ரிமோட் சர்வீஸ் எப்படி நடக்கும் என்று கேட்கிறான். நான் சொல்லச் சொல்ல, பழைய டை ராடு ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்கிறான். அடுத்த கூட்டத்தில் வடிவத்தைப் பற்றிப் பேசும்போது, அந்தச் சராசரிக் கணக்கை 2025 சீசனுக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். விவரமெல்லாம் உங்கள் கையிலேயே இருக்கிறது, ஒரு மாலைப்பொழுது போதும்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்